ஒற்றைப்படை

உம்மாவை மருத்துவமனையிலிருந்து கொண்டு வந்து கூடத்தில் கிடத்தியபோது விடிந்து வெயில் ஏறியிருந்தது. வாயும் கண்ணும் மூடியிருந்தன. தாடையைச் சேர்த்து ஒரு துணிக்கட்டு. மூத்தவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. உம்மாவின் இடது முன்கையில் ஊசிக்குழாய் இருந்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா வாசலில் நின்று கைப்பேசியில் ஊருக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துடலாம்னு பள்ளியில சொல்லியாச்சு. அதுக்குள்ள குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி வச்சிடுங்க."

"எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றாள் சின்னம்மா. உம்மாவின் தங்கை அவள். துக்கம் வந்தால் அழுவதற்குப் பதில் அதிகாரம் செய்வாள்.

தையல்காரம்மா வந்தார். பகலெல்லாம் கல்யாணத் துணி தைப்பவர். எந்த வீட்டில் பெண் மவுத்தானாலும் அதே கத்தரிக்கோலோடு வந்துவிடுவார். வந்ததும் போர்வைக்கு மேலேயே உம்மாவைத் தலையிலிருந்து கால்வரை கண்ணால் அளந்தார். "நாப்பது வருஷமா தைக்கிறேன். உசிரோட இருக்கிறவங்கதான் இடுப்புல பிடிக்குது, தோள்ல தொங்குதுன்னு திருப்பிக் கொண்டு வருவாங்க. இந்தத் துணியை இதுவரைக்கும் யாரும் திருப்பித் தரல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கையுறைகளை எடுத்தபடி கேட்டார்: "வீட்டாளுங்க யார் கூட நிக்கிறீங்க?"

"நான்தான் குளிப்பாட்டணும்" என்றாள் மூத்தவள். "உம்மா சொல்லியிருக்காங்க."

சுவரோரம் முழங்காலில் முகம் புதைத்துக் கிடந்த இளையவள் நிமிர்ந்தாள். "வேணாங்க. அக்காவை விடாதீங்க. நான் நிக்கிறேன்."

"ஏன் விடக்கூடாது?" சின்னம்மா திரும்பினாள். "மவுத்தானவ வாயால சொல்லிட்டுப் போயிருக்கா. இந்தக் குடும்பத்துல சுத்தத்துல இவளை விடப் பேணுதலான ஆள் யாரு? நீ போன வேகத்துல குளிச்சிட்டு வர்றவ."

"அதுக்குப் பேருதான் சின்னம்மா குளிக்கிறது."

"மய்யித்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வாய் பேசாத."

இளையவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

பேணுதல் என்ற அந்த வார்த்தைதான் மூத்தவளைப் பல வருஷம் மூடி வைத்திருந்தது. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது தொடங்கியது. முகம், கை, கால் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழுகை விரிப்பில் நிற்பாள். முழங்கை நனைந்ததா என்று ஒரு எண்ணம் வரும். நனைந்திருக்கும். ஆனாலும் ஒரு தடவை போய்க் கழுவிவிட்டு வந்தால் என்ன? போய்க் கழுவுவாள். வந்தால் குதிகால். குதிகாலைக் கழுவினால், அதற்கு முன் முகம் கழுவியதே சரிதானா என்றிருக்கும். பக்கத்து வீடுகளில் அவளைக் காட்டித் தங்கள் பெண்களைத் திட்டினார்கள். "பாரு, ஒளுவுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கிறா. நீயும் இருக்கியே, கோழி தலையை நனைக்கிற மாதிரி."

பிறகு குளிப்புக்கும் வந்தது. மாதவிலக்கு முடிந்து குளிக்கும் குளிப்பில் ஒரு முடியின் வேர் நனையாமல் விட்டாலும் சுத்தம் ஆகாது. அவள் தலையில் எத்தனை முடி? காலையில் உள்ளே போனால் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருவாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். கை மடிப்புகளில் தோல் வெடித்து ரத்தம் கசியும். ரத்தம் வந்தால் அதைக் கழுவ வேண்டும்.

"எங்க அக்கா இவளுக்குப் பதிலா ஒரு மீனைப் பெத்திருக்கலாம், தொட்டியிலாவது விட்டிருப்பா" என்று சின்னம்மா சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். முழுக்க நனைந்தவருக்குக் குளிர் ஏது என்பார்கள். அவளுக்கோ முழுக்க நனைந்தோம் என்பதே ஒருநாளும் தெரிந்ததில்லை.

கட்டிக்கொடுத்தார்கள். கணவன் நல்லவன்தான், பள்ளிக்கூட வாத்தியார். அவன் தொட்டால் குளிக்க வேண்டும். குளித்தால் அரைநாள் போய்விடும். அதனால் அவன் தொடாமல் இருப்பதற்கு வழிகளைக் கண்டுபிடித்தாள்: தலைவலி, நோன்பு, இருவருக்கும் நடுவே தலையணை. முதல் குளிர்காலம் முடிவதற்குள் அவனே கொண்டுவந்து விட்டுவிட்டான். "உங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல மாமி. ஆனா நான் கட்டிக்கிட்டது ஒரு குளியலறைக் கதவை" என்று உம்மாவிடம் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் உம்மா அழைத்துப் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "உறுதியானது சந்தேகத்தால போயிடாதும்மா. நனைஞ்சதுன்னு உறுதியா இருந்தா, அப்புறம் வர்றது ஷைத்தானோட ஊசலாட்டம். அதை விட்டுடணும்."

"எதைங்க ஹஜ்ரத் உறுதின்னு சொல்றீங்க? எனக்கு அதுதானே வரமாட்டேங்குது."

அவர் இரு கைகளையும் ஏந்தினார். "துஆ செய்றேம்மா" என்றார்.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அது ஒரு கூட்டுக்குள் அடைத்த மருந்து. அந்தக் கூடு எந்த விலங்கின் எலும்பிலிருந்து செய்தது என்று டப்பாவில் போடவில்லை. ஒரு வாரம் விழுங்கினாள். அந்த வாரம் முழுவதும் வாயைக் கொப்புளித்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

வேலைக்குப் போகிற இடத்தில் மட்டும் அவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் அது. கிணறு, குழாய், தொட்டி என்று எங்கெங்கிருந்தோ குப்பிகளில் தண்ணீர் வரும். சோதனைக் குழாயில் மருந்தோடு ஊற்றிச் சூட்டுப்பெட்டியில் வைத்தால் மறுநாள் மஞ்சளாகும், அல்லது ஆகாது. மஞ்சளானால் அசுத்தம் உண்டு. ஆகாவிட்டால் இல்லை. கையெழுத்துப் போட்டு அடுத்த குப்பியை எடுப்பாள். அவள் கையெழுத்தைப் பார்த்து ஊரே தண்ணீர் குடித்தது.

வீட்டில் மஞ்சளாகிக் காட்ட எதுவும் இல்லை. உம்மாதான் இருந்தாள்.

குளியலறைக்கு வெளியே முக்காலியைப் போட்டு உம்மா உட்கார்ந்துகொள்வாள். வெங்காயம் உரிப்பாள், கீரை ஆய்வாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் கதவைத் தட்டுவாள். "திற." உள்ளே வந்து மகளின் கூந்தலுக்குள் விரலை விட்டு மண்டையைத் தொடுவாள். காதுக்குப் பின்னால் பார்ப்பாள், கால்விரல் இடுக்கில் பார்ப்பாள். "நனைஞ்சிடுச்சு, வா" என்பாள். அவ்வளவுதான். சாட்சி சொல்லியாயிற்று, வழக்கு முடிந்தது. மகள் துவட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

உம்மா நோயில் படுத்தபிறகு மருத்துவமனையில் ஒரு மதியம், மூச்சு கொஞ்சம் இலேசாக இருந்தபோது சொன்னாள்: "நீதான் என்னைக் குளிப்பாட்டணும்."

"என்னால முடியாதும்மா."

"முடியும். மய்யித்தை எவ்வளவு நேரம் போட்டு வைப்பே? வெளிய ஆளுங்க நிப்பாங்க. முடிச்சுத்தான் ஆகணும். என்னை நீ முடிச்சிட்டேன்னா உனக்குத் தெரிஞ்சிடும்."

"என்ன தெரியும்?"

"முடிக்கிறது எப்படின்னு." உம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "நான் போனப்புறம் உன்னை யாரு வந்து தட்டுவா, சொல்லு. அதுக்குத்தான்."

உம்மா யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த வைத்தியம் அது.

வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் தளத்தில், கொடிக்கயிறுகளில் போர்வைகளைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினார்கள். பள்ளியிலிருந்து வந்த குளிப்பாட்டும் பலகையைக் கால்பக்கம் சற்றுத் தாழ்த்தி வைத்தார்கள், தண்ணீர் வடிந்து போக. வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு அண்டாக்களில். கற்பூரம் கரைத்த தண்ணீர் தனியாக ஒரு வாளியில், கடைசியாக ஊற்ற. உம்மாவை உடம்பு தெரியாமல் துணியால் மூடியே கொண்டுவந்து கிடத்தினார்கள். மறைப்புக்குள் நான்கு பேர்: தையல்காரம்மா, சின்னம்மா, அக்கா, தங்கை.

"கை நடுங்குதா?" என்றார் தையல்காரம்மா.

"இல்லைங்க."

நடுங்கவில்லைதான். ஆய்வகத்தில் நிற்பது போல நின்றாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூடிய துணிக்கு அடியில், பார்க்காமல், வயிற்றை மெல்ல அழுத்திக் கழிவை வெளியேற்றிச் சுத்தம் செய்தாள். அந்தத் துணியைப் போட்டுவிட்டு வேறு துணி சுற்றிக்கொண்டாள். குளிப்பாட்டுவதாக மனதில் எண்ணி நிய்யத்து வைத்தாள். உம்மாவுக்கு ஒளு செய்வித்தாள்: உதட்டையும் பல்லையும் ஈரத்துணியால் துடைத்து, முகம், கைகள், தலை, கால்கள். தலைமுடியை நுரைபோட்டு அலசினாள். வலது பக்கம் தோளிலிருந்து பாதம் வரை, பிறகு இடது பக்கம். சின்னம்மா மெல்லச் சாய்த்துப் பிடிக்க முதுகு. தண்ணீர் ஒழுங்காக வழிந்து கால்மாட்டில் இறங்கியது.

"மாஷா அல்லாஹ்" என்றார் தையல்காரம்மா. "எத்தனையோ பொண்ணுங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு எங்க ஊத்துறோம்னு தெரியாம ஊத்துவாங்க. இப்படிப் பார்த்ததில்ல."

"நான் சொல்லல?" என்றாள் சின்னம்மா.

இளையவள் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தாள். இரண்டாவது முறை ஊற்றி முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது.

"மூணு ஆச்சு. கற்பூரத் தண்ணியை எடும்மா."

மூத்தவள் அசையவில்லை. "காதுக்குப் பின்னால நனையல."

"நனைஞ்சதும்மா."

"நான் பார்க்கல."

"நான் பார்த்தேன்."

இந்த அம்மா யார், எந்தப் பக்கம் நின்று எதைப் பார்த்தார் என்று மூத்தவளுக்குத் தோன்றியது. "ஒரு தடவை மட்டும்" என்றாள். ஊற்றினாள். உம்மாவின் காதுமடலை விலக்கிப் பின்னால் ஊற்றினாள். பிறகு, ஊற்றியாயிற்று, இது நான்காவது என்று நினைத்தாள். நான்கு கூடாது. ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு. மசாயில் என்னும் மார்க்கச் சட்டங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். "அஞ்சாக்கிடணும்" என்றாள்.

தையல்காரம்மா சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா, "செய்யட்டும், பெத்தவளுக்குத்தானே" என்றாள்.

ஐந்தாவது ஊற்றிக்கொண்டிருக்கும்போது இடது கையில் ஒட்டியிருந்த பஞ்சு நீரில் ஊறி விலகி விழுந்தது. ஊசி இருந்த துளையிலிருந்து ஒரு சொட்டு வந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்த நீர். கடைசி வாரங்களில் உம்மாவின் கைகால்கள் நீர் கோத்து வீங்கியிருந்தன. சொட்டு உருண்டு மணிக்கட்டுப் பக்கம் இறங்கியது.

"அது ஒண்ணுமில்ல" என்று தையல்காரம்மா உடனே சொன்னார். "மருந்து ஏத்தின உடம்புல வர்றதுதான். அந்த இடத்தை மட்டும் கழுவிப் பஞ்சை வச்சுக் கட்டிடு. குளிப்பு குளிப்புதான், அது போகாது."

அந்தச் சட்டமும் அவளுக்குத் தெரியும். ஆனால் வருஷக்கணக்காகத் தண்ணீரில் தேடியது இதோ கண்ணெதிரே நிறத்தோடு வந்திருந்தது. மஞ்சளானால் உண்டு. இடத்தைக் கழுவினாள். பஞ்சை எடுத்தாள். மறுபடி ஒரு சொட்டு. கழுவின நீர் எங்கே தெறித்தது? விலாவில் பட்டதா? "முழுசா ஒரு தடவை" என்றாள். யார் பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

ஆறு. ஆறாவது ஒற்றைப்படை இல்லை. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இரண்டு முறை ஊற்ற வேண்டியிருந்தது.

மறைப்புக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்தது. "இன்னும் ஆகலையா?" மாமாவின் குரல். "பாங்கு சொல்லப் போறாங்க."

"ஆம்பளைங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று சின்னம்மா பழக்கத்தில் சொன்னாள். அவள் குரல் முன்போல இல்லை. மூத்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. அது எப்போதும் ஒரு மூடிய கதவுக்கு உள்ளே இருந்தது.

"தண்ணி தீரப்போகுதுக்கா" என்றாள் இளையவள்.

"மோட்டார் போடு."

"அக்கா."

"போடு!"

இளையவள் நகரவில்லை. மூத்தவள் தானே அண்டாவில் முக்கி எடுத்தாள். முன்கையை ஒரு கையால் பிடித்துத் துணியால் தேய்த்தாள். துளையைச் சுற்றி, மேலே, முழங்கை வரை. கசிவது நிற்க வேண்டும். அழுத்தித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க நீர் அதிகமாக வந்தது. துணிக்கு அடியில் ஏதோ வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. நுரை என்று நினைத்தாள். துணியை எடுத்துப் பார்த்தாள்.

தோல். வீங்கி மெல்லியதாகியிருந்த தோல் சுருண்டு கழன்று, உள்ளங்கை அகலத்துக்கு உம்மாவின் கை பச்சையாகத் தெரிந்தது. அதன்மேல் நீர் துளித்துத் துளித்துச் சேர்ந்தது.

சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கையை எடும்மா" என்றார் தையல்காரம்மா, மிகவும் மெதுவாக. "உசிரோட இருக்கிறவளைத் தொடுற மாதிரி தொடணும். கையை எடு."

மூத்தவளுக்குக் கேட்டது. உம்மாவின் தோலை உரித்துவிட்டோம் என்பதும் தெரிந்தது. ஆனால் காயத்திலிருந்து வழிந்த நீர் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் ஓடுவது முதுகுக்கு அடியில் போகும். அவள் கை குவளையை முக்கியது. நிரம்பிய குவளையைத் தூக்கிக் காயத்தின்மேல் ஊற்றியது. மறுபடி முக்கியது.

இளையவள் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். இருவரும் இழுத்தார்கள். தண்ணீர் இருவர் மீதும் கொட்டியது.

"விடுடி. ஒண்ணு ஊத்தினா முடிஞ்சிடும்."

"முடியாதுக்கா."

"ஒண்ணே ஒண்ணு."

"அக்கா, உம்மா மவுத்தாயிட்டாங்க." இளையவள் அழுதாள். "இனிமே அவங்க வந்து கதவைத் தட்ட மாட்டாங்க. நீ நிறுத்தலைன்னா நிக்காது. அவங்க உடம்புல தோலே மிஞ்சாது. விடு."

தையல்காரம்மா பின்னாலிருந்து மூத்தவளின் இரண்டு தோள்களையும் பிடித்தார். துணியை வெட்டி வெட்டி இறுகிய கைகள் அவருடையவை. அவளை மறைப்புக்கு வெளியே கொண்டு வந்து விட்டுப் போர்வையை இழுத்து மூடினார்.

அவள் சமையலறைக்குப் போகும் நடையில், ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்தாள். உள்ளே சத்தம் கேட்டது. தண்ணீர் ஒருமுறை சீராக விழுந்தது. பிறகு கற்பூர வாசனை வந்தது. பிறகு துணி கிழிபடும் ஓசை. காயத்தைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டார்கள். உம்மா கேட்ட ஒரே ஒரு காரியம். அதை உம்மா கேட்காத மகள் முடித்துவிட்டாள்.

சின்னம்மா வந்து ஒரு துண்டை அவள் தோளில் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேணுதல்னு நெனச்சேன்டி" என்றாள் கடைசியில். "இத்தனை வருஷமா பேணுதல்னே நெனச்சேன். மீனு, தொட்டின்னு வேற சொல்லிச் சிரிச்சேன்."

மூத்தவள் தன் கைகளை மடியில் படாமல் முன்னால் நீட்டி வைத்திருந்தாள். விரலிடுக்கில் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழுவினால் உம்மாவின் ஒரு துண்டு சாக்கடையில் போகும். கழுவாவிட்டால் கை அசுத்தம். எதுவும் செய்யாமல் அப்படியே இருந்தாள். சின்னம்மாதான் துண்டின் நுனியால் துடைத்து, அந்த நுனியைச் சின்னதாகக் கிழித்து, முடிந்து எடுத்துக்கொண்டாள். "இது அவளோட போய்ச் சேரணும். நான் கபனுக்குள்ள வச்சிடுறேன்" என்றாள்.

ஆண்கள் லுஹர் தொழப் போனார்கள். உம்மாவைக் கபன் துணியில் சுற்றிக் கூடத்தில், தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. தொழுதுவிட்டு வந்ததும் தூக்க வேண்டியதுதான்.

"முகம் பார்க்கிறவங்க பார்த்துக்கங்க" என்றார் தையல்காரம்மா. அவர் மூத்தவளிடம் வந்து நின்றார். கோபமில்லை. "நீ முதல் மூணும் செஞ்சது அருமையா செஞ்சேம்மா. அதுலயே உன் உம்மா சுத்தமாயிட்டாங்க. அதை மட்டும் வச்சுக்க." அவள் தலையசைத்தாள். இவர் நல்லவர், அதனால் சொல்கிறார் என்று நினைத்தாள்.

வேறு புடவை மாற்றிவிட்டார்கள். அவள் போய்த் தலைமாட்டில் நின்றாள். உம்மாவின் முகம் சின்னதாகியிருந்தது. நெற்றியில் கற்பூரம் பூசியிருந்தது. குனிந்து முத்தமிட எல்லோரும் இடம் விட்டார்கள். அவள் குனியவில்லை. அவள் கண் இடது பக்கம் போய்விட்டது.

வெள்ளைத் துணியில், கை இருக்கும் இடத்தில், கடுகளவு ஒரு மஞ்சள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அது நூலிழைகளில் ஏறி மெல்லப் பரவியது. பஞ்சு, கட்டு, கபனின் ஐந்து துணி எல்லாம் தாண்டி வந்திருந்தது.

கபனிட்ட பிறகு எது வெளியானாலும் மறுபடி குளிப்பாட்ட வேண்டியதில்லை. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யாரையும் எதையும் அவிழ்க்கச் சொல்ல அவள் நினைக்கவில்லை. மறுபடி அந்தக் கையைத் தொட அவளுக்குத் தைரியமும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தான் காண்பதை இன்னொருவர் கண்டு, ஆமாம், இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

தங்கையின் முந்தானையை இழுத்தாள். "இங்க பாரு" என்றாள் காதோடு. "இடது கைப் பக்கம். கறை தெரியுது."

இளையவள் குனிந்தாள். அவள் பார்வை துணியின்மேல் நகர்ந்து வந்து அந்த இடத்தில் நின்றது. நின்றதை மூத்தவள் பார்த்தாள். இமை ஒருமுறை கொட்டியது. பிறகு இளையவள் நிமிர்ந்து அக்காவின் கன்னத்தை ஒரு கையால் தொட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. சுத்தமா இருக்கு."

இளையவள் அவளிடம் இவ்வளவு மென்மையாகப் பேசியதே இல்லை. துடுக்குத்தான் அவள் சுபாவம். அந்த மென்மை வேறு ஒருவருடையது. வெங்காயம் உரித்த விரலைக் கூந்தலுக்குள் விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுக்கும் அந்த நேரத்தில் உம்மாவின் குரல் இப்படித்தான் இருக்கும்.

மூத்தவள் நினைத்துப் பார்த்தாள். ஆண்டுக்கணக்காக உம்மா வந்து பார்த்திருக்கிறாள். மண்டையில், காதில், கால்விரல் இடுக்கில். ஒருநாள், ஒரே ஒருநாளாவது, இன்னும் நனையவில்லை என்று உம்மா சொன்னதுண்டா? இந்த இடம் காய்ந்திருக்கிறது, ஊற்று என்று? காய்ச்சலில் நின்றுகொண்டே தூங்கி விழுந்து அரைகுறையாக ஊற்றிய நாட்கள் இருந்தன. அன்றும் உம்மா விரலை விட்டாள். அன்றும் நனைஞ்சிடுச்சு என்றாள். எந்த மாதிரியை ஊற்றினாலும் ஒரே விடை காட்டும் சோதனைக் குழாய்களை ஆய்வகத்தில் வைத்துக்கொள்வதில்லை. பழுது என்று எழுதிப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அத்தனை குளிப்பு. அவற்றின்மேல் நின்று தொழுத அத்தனை தொழுகை.

கேட்பதற்கு உம்மா அங்கேயே இருந்தாள். உதடுகள் மூடியிருந்தன.

வாசலில் ஆண்களின் சத்தம் வந்தது. தொப்பிகளைச் சரிசெய்துகொண்டு மாமாவும் மற்றவர்களும் உள்ளே வர, பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். தையல்காரம்மா முகத்தை மூடி முடிச்சைக் கட்டினார். உம்மாவைச் சந்தூக்கில் வைத்து மேலே போர்வை விரித்தார்கள். மஞ்சள் மறைந்துவிட்டது.

"சரியாக்கா?" என்றாள் இளையவள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "ஒண்ணுமில்ல, பார்த்தேல்ல?"

"சரி" என்றாள் மூத்தவள்.

தங்கையின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள். நான்கு பேர் குனிந்து தோள் கொடுத்துத் தூக்கினார்கள். மூத்தவள் அசையாமல் நின்றாள். தன்னைப் பிடித்திருந்த அந்தக் கை கடைசியாக எதைத் தொட்டது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.